அண்ணனுக்கா, தம்பிக்கா கல்யாணம்?

மும்பை சயானில் குடியிருப்பவர்களுக்குச் சாமி கும்பிட எந்தப் பக்கமும் போகலாம். தெற்கே போனால் பிரபாதேவி சித்திவிநாயகர். 1801-இல் பிரதிஷ்டை செய்த கோயில். இரு பக்கமும் ரித்தி, சித்தி என்று தேவியர் இருவர். கிழக்கே போனால் செம்பூர் சேடா நகர்க் குன்றின்மேல் முருகன். 108 படி ஏறவேண்டும். திருச்செம்பூர் என்றே நம்மவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே அண்ணன் தம்பி இருவருடைய குடும்ப நிலவரமும் தலைகீழாக மாறிவிடுகிறது.

எனக்கு இது தெரியவந்தது எதிர்வீட்டு மராத்தி மாவ்ஷியால். ஒரு வெள்ளிக்கிழமை சேடா நகருக்குக் கிளம்பிய அம்மா, "நீங்களும் வாங்களேன்" என்று அவரைக் கூப்பிட்டார். மாவ்ஷி தயங்கினார். கார்த்திக் சுவாமி பிரம்மச்சாரியாம், பெண்கள் போய்ப் பார்க்கக்கூடாதாம். அம்மாவுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். "பிரம்மச்சாரியா? ரெண்டு பொண்டாட்டிக்காரருல்லா அவரு!" என்றார். ரெண்டு மனைவி கணபதிக்குத்தான் என்றார் மாவ்ஷி. அம்மா அசந்துபோய் என்னைப் பார்த்தார். "ஆத்தங்கரையில உக்காந்து, அம்மா மாதிரிப் பொண்ணு வருமான்னு பாத்துக்கிட்டிருக்க புள்ளைக்கு எப்பம்டா கல்யாணம் ஆச்சு?"

யாராவது ஒருவர் சொல்வது தப்பாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை, இருவருக்குமே ஏடு உண்டு.

சிவபுராணத்தில் உலகத்தைச் சுற்றிவரும் போட்டி வருகிறது. நாம் அறிந்த அதே போட்டிதான், ஆனால் பரிசு மாம்பழம் இல்லை. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு முதலில் கல்யாணம். பெற்றோரைச் சுற்றிவந்து ஜெயித்த கணபதிக்குச் சித்தி, புத்தி இருவரையும் மணமுடித்துவிடுகிறார்கள். உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பிய குமாரன் கோபித்துக்கொண்டு கிரௌஞ்ச மலைக்குப் போய்விடுகிறான். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நம் கதையில் பரிசு பழம் என்பதால் கோபமும் பழனியோடு நின்றுவிடுகிறது. பிற்பாடு கல்யாணத்துக்குத் தடை இல்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை வள்ளி திருமணத்தோடுதான் முடிக்கிறார். அந்தத் திருமணத்துக்காக யானையாக வந்து குறுக்கே நின்று, வள்ளியைத் தம்பி பக்கம் ஓடவைத்தவர் பிள்ளையார். தம்பிக்குக் கூட்டிவைத்தவர் தனக்கென்று ஒன்றும் தேடிக்கொள்ளவில்லை.

அம்மா சொன்ன ஆற்றங்கரைக் கதையில் இன்னொரு விசேஷம் உண்டு. பார்க்கும் பெண்ணிடமெல்லாம் தாயையே தேடும் பிள்ளை நமக்குப் பிள்ளையார். பிரம்மபுராணத்தில் கோதாவரியின் பெருமை பேசும் கௌதமீ மாகாத்மியம் ஏறக்குறைய இதையே குமாரனுக்குச் சொல்கிறது. தேவமாதரோடு திரிந்த மகனைத் திருத்தப் பார்வதி ஒவ்வொரு பெண்ணிடத்திலும் தன் உருவையே காட்டுகிறாள். வெட்கிப்போன குமாரனுக்கு அதன்பின் எல்லாப் பெண்களும் தாய்தான். கதை ஒன்றுதான்; மராத்தியரின் கோதாவரிக் கரையில் ஒரு பிள்ளைக்கும், நம் ஆற்றங்கரையில் இன்னொரு பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வடக்கு இப்படி, தெற்கு அப்படி என்று கோடு போடவும் முடியவில்லை. தேவசேனை ஸ்கந்தனின் மனைவி என்று மகாபாரத வனபர்வமே சொல்கிறது. நம் பழனியில் நிற்பவரோ ஆண்டி. புதுச்சேரி மணக்குள விநாயகருக்குச் சித்தி, புத்தி தேவியர் உண்டு. அதனால், "இந்து மதம் என்ன சொல்கிறதென்றால்..." என்று ஆரம்பிக்கும் புத்தகங்களை நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் திறப்பேன். எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில், எந்தக் கோயில் ஐதீகப்படி என்று கேட்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இந்த மதத்தில் ரொம்பக் குறைவு. அதற்காக எல்லா ஐதீகமும் எனக்கு உவப்பு என்று அர்த்தமில்லை. புனே பார்வதி மலையில் கார்த்திகேயன் சந்நிதியைப் பெண்கள் நெருங்கக்கூடாது என்கிற வழக்கத்தை என்னால் ஏற்கமுடியவில்லை.

மாவ்ஷி அதற்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். "உங்கள் ஊர்க்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றால் தோஷம் ஏது?" என்று சொல்லி, முட்டுவலியோடு 108 படியும் ஏறினார். எந்தச் சாஸ்திரியிடமும் கேட்கவில்லை. அம்மாவும் பிரபாதேவிக்குப் போய் இரண்டு தேவியரையும் சேர்த்துத்தான் கும்பிட்டார். "புள்ள தனியா கெடக்கானேன்னு நெனச்சேன்" என்று அவருக்கு நிம்மதி வேறு.

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் வளர்பிறையில் இந்த வேடிக்கை உச்சத்துக்குப் போகும். ஆறாம் நாள் கந்தசஷ்டி, சூரசம்ஹாரம். மறுநாள் திருக்கல்யாணம். அதே வளர்பிறை முடியும் கார்த்திக் பௌர்ணமியில் மராத்தியர்கள் பிரம்மச்சாரி கார்த்திக் சுவாமியைத் தரிசிப்பார்கள். கிருத்திகை நட்சத்திரம் கூடும் நேரம் பார்த்துப் போனால் விசேஷம் என்பது நம்பிக்கை. நாம் கல்யாணம் பண்ணிவைத்த ஈரம் காயுமுன் அவர்கள் பிரம்மச்சாரியைக் கும்பிடுகிறார்கள்.

இதை நேரில் பார்க்க நாசிக் பஞ்சவடிக்குப் போகவேண்டும். அங்கே கோதாவரிப் பக்கம் நகரத்தார் சத்திரத்தைச் சேர்ந்த கார்த்திக் சுவாமி கோயில் இருக்கிறது. கோயில் செட்டிநாட்டாருடையது, பௌர்ணமிக் கூட்டம் மராத்தியருடையது. சாமிக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று வரிசையில் யாரும் சண்டை போடுவதில்லை. மும்பைக்காரர்கள் தாதரில் பஞ்சவடி எக்ஸ்பிரஸ் பிடித்தால் நாசிக் ரோடில் இறங்கிக்கொள்ளலாம். கிளம்புமுன் பஞ்சாங்கத்தில் கிருத்திகை எத்தனை மணிவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.