முன் சக்கரம் எதற்கு?

ஜங்ஷனிலிருந்து மலைக்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால், பாலக்கரை வந்துவிட்டது என்பதைக் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, ஹாரன்களே சொல்லிவிடும்! ஒரு புறம் சகாய மாதா கோயில் என்று ஊரார் அழைக்கும் உலக மீட்பர் பசிலிக்கா. இன்னொரு புறம் ராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால். நடுவே ரவுண்டானாவைச் சுற்றி ஓயாத ஜன சமுத்திரம்.

அக்கா வீட்டுக்குப் போன அன்று மாலை, அந்தச் சமுத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் நான் ஒரு காட்சி கண்டேன். கனத்த புல்லட் ஒன்று உறுமியது. முன் சக்கரம் ஆகாயத்தைப் பார்த்து எழுந்தது. பின் சக்கரத்தின் மேல் மட்டும் பத்தடி தூரம் ஓடித் தொப்பென்று விழுந்தது. ஓட்டியவன் வேறு யாருமல்ல. பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன்தான்! அத்தான் குவைத்தில், வண்டி இங்கே.

"சித்தி, இதுக்குப் பேரு வீலிங்! அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றான்.

முன் ஃபோர்க்கிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் பாய் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"சக்கரத்தைத் தூக்கிப் போட்டீங்களா தம்பி? ஆயில் சீல் போச்சு. கோன் செட்டும் ஆடுது."

அவர் திட்டவில்லை. நிதானமாக விளக்கினார். முதல் கியரில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கினாலோ, கிளட்சை இழுத்துத் திடீரென்று விட்டாலோ, பின் சக்கரம் முந்திக்கொண்டு முன்னே ஓடப் பார்க்கிறது. வண்டியின் கனம் பின்னால் சாய்கிறது. முன் சக்கரம் எழுகிறது. ஓர் அளவுக்கு மேல் எழுந்தால் வண்டி மல்லாந்து ஓட்டியவன் மேலேயே விழும். அந்த அளவைத் தாண்டுமுன் பின் பிரேக்கை இதமாக மிதித்தால்தான் இறங்கும். மூடிய மைதானத்தில், கவசங்களோடு, வருஷக்கணக்கில் பழகுகிறவர்களுக்கே தப்புகிற கணக்கு அது.

"தம்பி, முன் சக்கரம் எதுக்கு இருக்கு?" என்று கேட்டார் பாய். "வண்டியைத் திருப்ப, நிறுத்த. பெரிய பிரேக் அங்கேதான் இருக்கு. அதைத் தூக்கிட்டா ரெண்டும் கிடையாது. ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்கும். எதிரே ஒரு குழந்தை ஓடி வந்தா என்ன செய்வீங்க? இறங்கும்போது சக்கரம் கொஞ்சம் கோணினாலும் ஹேண்டில்பார் உதறித் தூக்கி எறிஞ்சுடும்."

பையன் வாய் திறக்கவில்லை.

2023 தீபாவளியின்போது, வண்டியின் முன்னால் வாணங்களைக் கட்டி, சக்கரத்தைத் தூக்கியபடி வெடிக்கவிட்ட படம் இந்தத் திருச்சிப் பக்கத்திலிருந்துதான் நாடெங்கும் பரவியது. போலீசார் கைது செய்தார்கள். அதற்கு முன், அவ்வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி, காஞ்சிபுரம் அருகே தாமலில், யூடியூபில் பிரசித்தமான டி.டி.எஃப். வாசன் சுமார் 265 கிலோ எடையுள்ள ஹயபூசாவில் சக்கரத்தைத் தூக்கி விபத்துக்குள்ளானார். கவசங்கள் அணிந்திருந்ததால் கை முறிவோடு உயிர் தப்பினார். லைசென்ஸ் 2033 வரை போயிற்று.

தாய்மார்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இதைச் சொன்னதும்தான் பையனின் முகம் மாறியது. "அம்மாவையா ஜெயில்ல போடுவாங்க?" என்றான்.

வீடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே அடுக்களைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, சாவியை அக்காவின் கையில் வைத்தான். அத்தான் வரும் வரை அது அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும்!