மறுப்பு எழுதப் பழகிய நாட்கள்

2023 மார்ச் முதல் வாரம். பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. நான் அப்போது கோவையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் பயிற்சியில் இருந்தேன். மூத்த துணை ஆசிரியர் ஒருவரிடம் வேலை பழகினேன். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

வீடியோவைத் திறந்ததும் முதலில் சத்தத்தை அணைக்கச் சொல்வார். "அலறல் கேட்டா மனசு முந்திக்கும் கண்ணு, மொதல்ல பாரு." படத்தை நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். கடைப் பலகையில் எந்த எழுத்து? வண்டி நம்பர் எந்த மாநிலம்? பிறகு கூகுள் லென்ஸில் தேடல். பழைய செய்தி சிக்கினால் நல்லது. சிக்காததாலேயே வீடியோ புதிது என்றாகிவிடாது. அதற்கு மேல் ஃபோன்தான்: காவல் நிலையம், பக்கத்துக் கடைக்காரர், தொழிற்சங்கம்.

அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபுவின் விளக்கம் வந்தது. திருப்பூர் வீடியோவில் மோதிக்கொண்ட இரு தரப்பும் பீகார் தொழிலாளர்கள், கோவை வீடியோவில் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், இரண்டுமே முன்பு நடந்தவை என்றார். அப்போதும் அண்ணன் 'போலி வீடியோ' என்று எழுத விடவில்லை. அடிதடி நடந்திருக்கிறது, அடிபட்டவன் இருக்கிறான். அதன்மேல் ஒட்டிய கதைதான் பொய். அந்தப் பொய்யைத் தலைப்பில் ஏற்றவும் கூடாது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பகிர்கிறவர்கள்தான் அதிகம்.

எனக்குப் பெரிய பாடம் ரயில் நிலையத்தில் கிடைத்தது. ஹோலிக்கு ஊர் போகும் கூட்டத்தையே உயிருக்குப் பயந்து ஓடுவதாகப் பரப்பினார்கள். அதை மறுக்க வேண்டுமென்றால் பிளாட்பாரத்தில் நின்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். பண்டிகைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். வீட்டிலிருந்து அம்மா அழுது கூப்பிட்டதால் கிளம்பியவர்களும் இருந்தார்கள். செய்தி பொய், பயம் நிஜம். இரண்டையும் ஒரே செய்தியில் எழுதத்தான் நிருபர் வேண்டும். எந்தத் தேடுபொறியும் அதைச் செய்யாது.

விவகாரம் பீகார் சட்டமன்றத்தில் அமளியாகி, அங்கிருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்தது. வதந்தி இந்தியில் ஓடியது, எங்கள் மறுப்போ தமிழில் வந்தது. பயந்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? இந்தி எழுதத் தெரிந்த ஒருவரை டெஸ்க்கில் சேர்க்கச் சொல்லி அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் சேர்க்கவில்லை.