பாட்டி கொடுத்த பரிசு

தானம் கொடுத்துக் கஷ்டப்பட்டவர்கள் என்றால் நமக்குக் கர்ணனும் மகாபலியும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் சொல்லப்போவது ஓர் அமெரிக்கப் பாட்டியின் கதை.

2022-ல் என் பெண்ணின் பிரசவத்துக்காக நியூஜெர்ஸிக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டில் ஒரு கிழவி. வயது 82. வாடகை வீட்டில் தனிக்கட்டை. தினமும் வேலியோரம் வந்து நின்று என் புடவைக் கரையைத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் வாசற்படியில் சறுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் பராமரிப்பு விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அதனாலென்ன? அங்கே கிழவர்களுக்கெல்லாம் சர்க்காரே செலவு செய்கிறதாமே!" என்றேன் நான்.

"அது மெடிகேர், அம்மா. வைத்தியத்துக்குத்தான் கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் குளிப்பாட்டி, உடை மாற்றிவிடுவதற்கு மெடிகெய்ட் வேண்டும்" என்றாள் பெண்.

இரண்டும் 1965-ல் பிறந்த சட்டங்கள்தான். ஆனால் மெடிகெய்ட் ஏழைகளுக்கு. பல மாநிலங்களில் கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருந்தால் விடுதிச் செலவுக்கு அதைக் கேட்க முடியாது. பாட்டியின் சேமிப்பு நாலைந்து மாதத்தில் கரைந்தது. 'இனிமேல் கவலையில்லை' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவளுடைய பேரன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். ஐந்து வருஷத்துப் பாங்கிக் கணக்கு! மனுப் போடுகிறவர்கள் அதைக் காட்ட வேண்டுமாம். என் பெண் கணக்கு வேலை பார்ப்பவள். அதனால் அவளிடம் யோசனை கேட்க வந்திருந்தான். நான் காப்பி கலந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

2018 முதல் 2021 வரை, பிறந்தநாள்தோறும் பாட்டி அவனுக்கு 15,000 டாலர் கொடுத்திருக்கிறாள். அந்த வருஷங்களில் அவ்வளவு வரை கொடுத்தால் வரிக்காரரிடம் தெரிவிக்கக்கூட வேண்டாம். பாட்டி அதை விசாரித்துத்தான் கொடுத்தாள். ஆனால் வரிச் சட்டம் வேறு, மெடிகெய்ட் சட்டம் வேறு! மனுவுக்கு முந்தைய 60 மாதங்களில் சும்மா கொடுத்ததையெல்லாம் இவர்கள் கூட்டுவார்கள். கூட்டிய 60,000-ஐ விடுதியின் சராசரி மாதச் செலவால் வகுப்பார்கள். மாதம் 10,000 என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதம் உதவி கிடையாது.

அந்த ஆறு மாதம் எப்போது ஆரம்பம் என்று நினைக்கிறீர்கள்? பரிசு கொடுத்த நாளிலிருந்து அல்ல. முன்பு அப்படித்தான் இருந்ததாம், 2006-ல் மாற்றிவிட்டார்கள். விடுதியில் படுத்து, கைப்பணமும் தீர்ந்து, மனுப் போட்ட பிறகுதான் ஆரம்பம்! எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள். புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ கொடுத்திருந்தால் குற்றமில்லையாம். பாட்டியோ விதவை.

பேரன் அந்தப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கியிருந்தான். காப்பியைத் தொடவே இல்லை. "திருப்பிக் கொடுத்துவிட்டால்?" என்று கேட்டான்.

கொடுக்கலாம், தண்டனை நீங்கிவிடும். ஆனால் அது மறுபடியும் பாட்டியின் பணம். அதைச் செலவழித்த பிறகுதான் சர்க்கார் உதவி. எப்படிச் சுற்றினாலும் ஆறு மாதம்! ஆனாலும் அவன் வீட்டின் பேரில் கடன் வாங்கிக் கட்டினான். "இது பாட்டிக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

நான் ஊரிலிருந்து கிளம்பும்போதே மாம்பலம் வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிவிடுவதென்று தீர்மானித்திருந்தேன். நம் நாட்டில் கதை வேறுதான். மெடிகெய்ட் கிடையாது. நமக்குப் பிள்ளைதானே எல்லாம்! திரும்பி வந்ததும் வக்கீலைப் பார்த்தேன். '2007-ம் வருஷத்துச் சட்டத்தில் 23-ம் பிரிவு இருக்கிறது. என்னைக் கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிள்ளை தவறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்' என்றார். சேர்க்கச் சொன்னேன்.

பிள்ளை படித்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, காப்பி" என்றான்.