அப்பப்பா பிழையாத் திருகேல்லை

குருநகரில எங்கட வீட்டுப் பின்பத்திக்குள்ள ஒரு மொறிஸ் மைனர் நிக்குது. அப்பப்பாவின்ர. 1996இல ஊர் திரும்பின பிறகு அது ரோட்டில ஏறினதே இல்லை. போன யூலையில, யாகப்பர் கோயில் திருநாள் முடிஞ்ச கிழமை, பழைய கார் வாங்கிற ஒருத்தர் வந்து சுத்திப் பாத்தார். "ஸ்ராட் வந்தா ஒரு விலை, வராட்டி இரும்பு விலை" எண்டிட்டுப் போனார். அப்பாவுக்கு இரும்பு விலையே போதும் போல கிடந்தது. அக்கா, தம்பி எங்கள் ரெண்டு பேருக்கும் மனம் வரேல்லை. ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினம்.

இஞ்சின் இறுகேல்லை, கையால சுத்துது. பற்றரி இரவல். பெற்றோல் தாங்கியைக் கழுவியாச்சு. மிச்சம் காபரேற்றர்.

அது எஸ்.யூ. காபரேற்றர். ஸ்கின்னர் எண்ட ஆங்கிலேயச் சகோதரர்கள் தொடங்கின கொம்பனியின்ர பெயர்ச் சுருக்கம். மொறிஸ் மைனரை வடிவமைச்ச அலெக் இஸிகோனிஸ்தான் பிறகு மினியையும் வடிவமைச்சவர். 1964இல மொன்ரி கார்லோ ராலியை வென்ற மினி கூப்பருக்கும் எங்கட காருக்கும் ஒரே குடும்பத்து இஞ்சின். அதுக்கு எஸ்.யூ. ரெண்டு, எங்களுக்கு ஒண்டு. இதை அறிஞ்ச நாளில இருந்து பந்தயக் கார் திருத்துற நினைப்புத்தான்.

அது வேலை செய்யிற விதம் லேசு. மேல மணி மாதிரி ஒரு கூடு. அதுக்குள்ள ஏறி இறங்கிற ஒரு பிஸ்டன். பிஸ்டனின்ர அடியில கூம்பி வாற ஒரு ஊசி. ஊசி, ஜெற் எண்ட துளைக்குள்ள இறங்கி நிக்கும். இஞ்சின் காத்தை இழுக்க இழுக்கப் பிஸ்டன் எழும்பும், ஊசியும் எழும்பும், துளையில வழி கூடும், பெற்றோல் கூட வரும். ஜெற்றை ஏத்தி இறக்க அடியில ஆறு பக்க நட் ஒண்டு இருக்கு. இறக்கினா எண்ணெய் கூடும், ஏத்தினாக் குறையும்.

குசினி மேசையில பழைய பேப்பர் விரிச்சுக் கழட்டினம். மிதவை அறைக்குள்ள மண்ணிறப் பிசின். பழைய பல்லுத் தூரிகையால தேய்ச்சம். கூட்டின்ர உள்பக்கத்தை மட்டும் உப்புத்தாளால தொடேல்லை. கூடும் பிஸ்டனும் ஒண்டுக்கொண்டு பொருத்திச் செய்தவை. நட் எக்கச்சக்கமாக் கீழ இறங்கி நிண்டது. "அப்பப்பாவுக்கு இது விளங்கேல்லைப் போல" எண்டு சிரிச்சுக்கொண்டு முழுக்க மேல ஏத்தினம். பிறகு முறைப்படி பன்னிரண்டு பக்கம், அதாவது ரெண்டு சுத்து, இறக்கினம். பிஸ்டனைத் தூக்கி விட்டா 'டிக்' எண்டு விழவேணும். விழேல்லை. ஜெற் நடுவில இல்லை. பூட்டு நட்டை இளக்கி, பிஸ்டனை அமத்திப் பிடிச்சுத் திரும்ப இறுக்கி, நாலாம் தரம் 'டிக்' கேட்டுது.

பின்னேரம் மாமா வந்தார். படகு இஞ்சின் திருத்துறவர். முதல் கேள்வியே, "நட் எங்க நிண்டது? எண்ணினீங்களோ?"

"இல்லை மாமா. பிழையா நிண்டது."

"பிழையில்லையடா. அது மண்ணெண்ணெய்க்கு வைச்சது."

1990 யூனில சண்டை திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை. காரும் மோட்டச்சைக்கிளும் மண்ணெண்ணெயில ஓடினது. குளிர்ந்த இஞ்சினில மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது. அதால காபரேற்றர் வாய்க்குள்ள துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறின பிறகு மாத்துறது. மண்ணெண்ணெய் தடிப்பு, துளையால மெதுவாத்தான் வரும், அதால ஜெற்றை இறக்கவேணும். எங்கட கரையில மண்ணெண்ணெய் இஞ்சின் இண்டைக்கும் ஓடுது. 2022 ஓகஸ்டில லீற்றர் 87 ரூபா 340 ரூபா ஆனபோது கடலுக்குப் போகாமல் இருந்த வீடுகளை நாங்களே பாத்தனாங்கள்.

அண்டிரவுதான் அப்பா சொன்னார். 1995 ஒக்ரோபர் 30. அப்பம்மாவையும் நடக்க ஏலாத ரெண்டு அயல் வீட்டுக் கிழவியளையும் ஏத்திக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போன கார் இது. சனத்துக்குள்ள கார் ஊர்ந்ததாம். நிப்பாட்டினாத் திரும்ப எடுக்கத் துளிப் பெற்றோலும் இல்லை எண்டு, விடியும்வரை அப்பப்பா இஞ்சினை நிப்பாட்டவே இல்லையாம்.

அந்த நட்டைத்தான் நாங்கள் ரெண்டு நிமிசத்தில திருகி அழிச்சது. பதினெட்டுப் பக்கம் இறங்கி நிண்டதோ, இருபத்தினாலோ? அப்பப்பா இல்லை. வேற ஆருக்கும் தெரியாது. கம்பஸில ஆவணம், வாய்மொழி வரலாறு எண்டு அசைன்மென்ற் எழுதிறம். வீட்டில இருந்த ஆவணத்தை ஸ்பானரால திருத்திப்போட்டம்.

மூண்டாம் ஞாயிறு கார் ஸ்ராட் வந்தது. பிஸ்டனை நூலளவு தூக்கிப் பாத்தம். சத்தம் கொஞ்சம் ஏறி அடங்கினது, கலவை சரி. அப்பா ஸ்ரியறிங்கைப் பிடிச்சபடி கனநேரம் இருந்தார். நிப்பாட்டச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை.

வாற கிழமை வாங்கிறவர் வருவார். அப்பா இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு கொப்பியில இதையெல்லாம் எழுதி வைச்சிருக்கிறம், நட்டின்ர எண்ணிக்கைக்கு மட்டும் இடம் வெறுமையா விட்டு. உங்கட வீட்டுப் பத்திக்குள்ளயும் பழைய காரோ மோட்டச்சைக்கிளோ நிண்டா, தயவுசெய்து கழட்ட முந்தி எண்ணுங்கோ. பிறகு அதை ஆர் அப்பிடி வைச்சது எண்டு கேளுங்கோ.