கடல் கடந்தாரும் கைக்கொண்ட தாள்களும்

வீராணம் ஏரிக்கரையில், வெற்றிலைக் கொடிக்கால்களும் நெல்வயல்களும் சூழ அமைந்தது நம் லால்பேட்டை. ஏரியில் மிகுந்த நீர் வெள்ளியங்கால் ஓடை வழியே வெளியேறுவது போல, ஊரில் உழைக்கும் கைகள் மிகுந்தபோது அவை கடல் கடந்தன. முன்னோர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். அவர்தம் பேரர்கள் வளைகுடாவுக்கு விமானமேறுகின்றனர். சபுராளி ஒருவரேனும் இல்லாத வீட்டை நம்மூரில் காண்பது அரிது. அவர்கள் அனுப்பிய பொருளால் எழுந்த மாடிகளைப் பற்றியும், நிறைவேறிய குமர் காரியங்களைப் பற்றியும் பேசுவோர் பலர். அவர்கள் கையில் கொண்டு சென்ற தாள்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அத்தாள்களோடு அமீரகத்தில் பல்லாண்டுகள் பழகியவர் என்ற முறையில், நாம் கண்டறிந்த சிலவற்றை இம்மலரில் பதிவு செய்ய விழைகிறோம்.

வளைகுடா நிறுவனங்களில் ‘மந்தூப்’ என்றொரு பணி உண்டு. அரசு அலுவலகங்களில் நிறுவனத்தின் சார்பாக நின்று, தொழிலாளர்களின் நுழைவு அனுமதி, தொழில் அட்டை, குடியிருப்பு அனுமதி ஆகியவற்றைப் பெற்றுத் தருபவரே மந்தூப். அவருக்குத் துணையாகக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அலைவது நம் பணியாக இருந்தது. மதரஸாவில் எழுத்துக்கூட்டிப் படித்த அரபு, அரசு அறிவிப்புகளைப் படிக்கவும் கைகொடுத்தது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது வெறும் எழுத்தர் வேலை. ஆனால் ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறது என்பதை அக்கோப்புகளே நமக்குக் கற்பித்தன.

தாள்களின் கதை அயல்நாட்டில் தொடங்குவதன்று. நம் நாட்டிலேயே தொடங்குகிறது. 1922ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை அகற்றி, 1983ஆம் ஆண்டில் குடிப்பெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்பில் தேறாதவர், அரசு வகுத்த பதினெட்டு நாடுகளில் வேலைக்குச் செல்வதாயின், குடிப்பெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் இசைவைப் பெறல் வேண்டும். அமீரகமும் சவூதியும் குவைத்தும் மலேசியாவும் அப்பட்டியலில் உள, சிங்கப்பூர் இல்லை. இதனைத் தொல்லை என்று கருதி, சுற்றுலா விசாவில் ஏறிச்சென்று அங்கே வேலை தேடிக்கொள்வோர் உண்டு. அவர்கள் இழப்பது யாது? முறைப்படி செல்வோருக்குச் சில நூறு ரூபாய்ச் சந்தாவில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஊதியம் குறித்த ஒப்பந்தம் அரசிடம் பதிவாகிறது. பதிவு பெற்ற முகவர் கட்டணமாகப் பெறத்தக்கது வரி நீங்கலாக 30,000 ரூபாய் மட்டுமே. குறுக்கு வழியில் செல்பவருக்குக் காப்பீடும் இல்லை. கட்டணத்திற்கு வரம்பும் இல்லை.

அடுத்தது பெயர். நம்மவர் பெயர்கள் அரபு மொழியில் ஒரே வடிவுடையவை. ஆங்கில எழுத்தில் இறங்கும்போது பலவாகிவிடுகின்றன. ரஹ்மான் என்னும் ஒரு பெயரைப் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் எழுதியிருப்பர். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் நம் தமிழ் மரபோ, குடும்பப் பெயர் கேட்கும் நாடுகளுக்கு விளங்குவதில்லை. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்கள் சுற்றுலா விசாவில் நுழைய இயலாது என அமீரகம் அறிவித்தபோது, தமிழ்நாட்டினர் பலர் திகைத்தனர். தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் இருப்பின் ஏற்கப்படும் என்று பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் எழுதும் ஓர் எழுத்து, இருபது ஆண்டுகள் கழித்து விமான நிலையத்தில் ஒருவரை நிறுத்திவைக்கும் வலிமையுடையது.

அயல்நாட்டில் இறங்கிய பின்னரோ, நாள்கள் எண்ணப்படுகின்றன. மருத்துவச் சோதனை, கைரேகைப் பதிவு, அடையாள அட்டை, தொழில் ஒப்பந்தம் யாவும் குறித்த காலத்துள் முடிதல் வேண்டும். முன்பு கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட குடியிருப்பு வில்லை 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, அடையாள அட்டையே அதன் இடத்தைப் பெற்றது. காலம் தவறித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம் என அதே ஆண்டில் வகுக்கப்பட்டது. புதுப்பிக்கத் தவறுவது நிறுவனமாயினும், சாலையில் சோதனைக்கு நிறுத்தப்படுபவர் தொழிலாளியே.

நாம் பணியாற்றிய நிறுவனம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடல் வேண்டும். நம் பகுதியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் நம் மேசையின்முன் வந்து நின்றார். “காக்கா, அத்தா மௌத்தாயிட்டாக” என்றார். மேலே பேச அவரால் இயலவில்லை. அவருடைய கோப்பைத் திறந்தோம். குடியிருப்பு அனுமதி முடிந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தன. புதுப்பிக்க வேண்டுமென நாம் எழுதிவைத்த குறிப்பு, பணம் ஒதுக்கப்படாமல் மேலதிகாரியின் மேசையிலேயே உறங்கிக் கிடந்தது. கடவுச்சீட்டோ நிறுவனத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்கச் செய்து, தண்டத்தை நிறுவனமே செலுத்த வேண்டுமென வாதாடி, அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கி அவரை அனுப்பி வைக்க நான்கு நாள்கள் ஆயின. ஐந்தாம் நாள் ஊர் சேர்ந்தவர் தந்தையின் முகத்தைக் காணவில்லை, மண்ணறையைத்தான் கண்டார். அந்த ஓட்டுநர் சட்டம் எதனையும் மீறியவர் அல்லர். அவர் பொருட்டுப் பிறர் ஆற்ற வேண்டிய கடமை ஆற்றப்படவில்லை, அவ்வளவே.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. ஊதியத்தை வங்கி வழியே செலுத்தி அரசுக்குக் காட்டும் முறையை அமீரகம் 2009ஆம் ஆண்டில் கொணர்ந்தது. ஊதியம் தாழ்த்தும் நிறுவனத்திற்குப் புதிய தொழிலாளர் அனுமதி நிறுத்தப்படும். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பதையும், வேலைக்கு எடுக்கும் செலவை அவர் தலையில் சுமத்துவதையும் தடை செய்கிறது. தாள்களை ஒழுங்காகப் பேணும் நிறுவனமே நிலைத்து வளர்கிறது என்பதையும் நாம் கண்டோம். ஆகவே, இது அறம் மட்டுமன்று. வணிகத்திற்கு நன்மையும் ஆகும்.

தமிழ்த்துறை மலரில் இதனை எழுதுவதற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு முதல் அமீரகத்தின் வேலை உறுதிக் கடிதம் அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளிக்குத் தெரிந்த மூன்றாவதொரு மொழியிலும் வழங்கப்படுகிறது. அம்மொழிகளுள் நம் செந்தமிழும் ஒன்று! அடிப்படை ஊதியம் எவ்வளவு, படி எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள் என்பவை தாய்மொழியிலேயே அச்சாகி வருகின்றன. எனினும், அதனைப் படியாமலேயே ஒப்பமிட்டவர்களை நாம் எண்ணற்ற முறை கண்டிருக்கிறோம். “எல்லாரும் போடுறாங்க, நானும் போட்டேன்” என்பதே அவர்தம் விடை. முகவர் வாய்மொழியாகச் சொன்ன ஊதியம் வேறு, தாளில் இருந்த ஊதியம் வேறு என்பது முதல் மாதச் சம்பள நாளில்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

மாணவச் செல்வங்களே! இலக்கிய நயம் காணப் பயின்ற உங்கள் கண்கள், உங்கள் தெருவிலிருந்து புறப்படும் ஓர் அண்ணனின் ஒப்பந்தத்தையும் வரி பிசகாமல் படித்துப் பார்க்கட்டும். கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒத்திருக்கிறதா, அனுமதி எந்நாளில் முடிகிறது என்பவற்றை எழுதி, வீட்டிலும் ஒரு படி வைக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப்பின் ஒருமணி நேரம், பயணம் புறப்படுவோரின் தாள்களைப் படித்துச் சொல்ல ஜமாஅத்தில் ஓர் இடமும் இரண்டு மாணவர்களும் போதும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். பொன்னும் பணமும் மட்டுமல்ல, ஒரு தொழிலாளியின் கடவுச்சீட்டும் அமானிதமே. அதனைக் கையில் ஏந்தும் முதலாளியும் முகவரும் மந்தூபும் அவ்வாறே கருதி நடப்பாராயின், கடல் கடந்த நம் உறவுகள் அச்சமின்றி உழைப்பர். அழைக்கும்போது தடையின்றி ஊர் திரும்புவர்.