படித்துறைக் கல்லும் கிராபிக்ஸ் கார்டும்

தாமிரபரணிப் படித்துறைகளில், எங்கிருந்தோ பெயர்த்துவந்து பதித்த பழங்கற்கள் சில உண்டு. அத்தகைய ஒன்றில் ஆறு வரி வட்டெழுத்து. மேலே துணி துவைக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வேறு அதன்மீது மணலை உருட்டிச் சென்றது.

இத்தகைய கல்லுக்கு மரபான வழி மைப்படி: ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாய் எழும். பள்ளம் தேய்ந்த இடத்தில் மை எதைச் சொல்லும்? போதாக்குறைக்குப் பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறத்தாழ ஓருருவம். அம்பாசமுத்திரத்து வரகுண பாண்டியன் கல்வெட்டை (9ஆம் நூற்றாண்டு) வைத்துப் பயின்ற எங்கள் மாணவர்களும் இங்கே திகைத்து நின்றார்கள்.

ஆகவே கல்லைப் பல கோணங்களில் படமெடுத்து, மெஷ்ரூம் என்னும் இலவச மென்பொருளில் முப்பரிமாண உருவாக்க முனைந்தோம். ஒரே புள்ளி இரு படங்களில் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதிலிருந்து அது ஆழத்தைக் கணிக்கிறது. இந்தப் பெருங்கணக்குக்கு என்விடியா கார்டின் கூடா நுட்பம் வேண்டும். (தமிழ்ச் செவிக்கு அபசகுனமான பெயர்தான்.) எங்கள் துறையிலிருந்ததோ 2012ஆம் ஆண்டு ஒர்க்ஸ்டேஷன், உள்ளே 1 ஜிபி நினைவகத்துடன் குவாட்ரோ 2000. மெஷ்ரூம் கேட்கும் தலைமுறைக்கு அது முந்தியது. ஆழக் கணிப்பு தொடங்கவேயில்லை.

புதுக் கணினிக்கு நிதியில்லை. வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேபினட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரிய கார்டு வேண்டாம் சார், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாத்தணும், இதுல ப்ளக்கே வேற மாதிரி" என்றார். பழைய ஒர்க்ஸ்டேஷன்களில் உண்மையான எல்லை அதுவே. மதர்போர்டின் ஸ்லாட் தரும் மின்சாரம் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயர் வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650 (2019) அவ்வகை: 4 ஜிபி நினைவகம், 896 கணிப்புக் கருக்கள். அதிலும் ஆறு ஊசி இணைப்பு கேட்கும் வகைகள் உண்டு. பார்த்து வாங்க வேண்டும். பழைய பயாஸ் புதுக் கார்டை ஏற்காமலும் போகலாம் என்பதால் கடையிலேயே செருகிப் பார்த்து, பயன்படுத்திய கார்டு ஒன்றை வாங்கினோம்.

ஓரிரவு ஓடி முடிந்தது. திரையில் கல்லைத் திருப்பி, வண்ணத்தை நீக்கி, பக்கவாட்டில் ஒளியைச் சாய்த்தபோது, மைப்படியில் வெறும் கறையாயிருந்த மூன்றாம் வரி வளைவு வளைவாக எழுந்தது. நான்கு வரிகளைப் படித்துவிட்டோம். ஐந்தாம் வரியில் ஓர் எழுத்தை நாங்கள் வகரம் என்கிறோம். முதுகலை மாணவி ஒருத்தி பகரம் என்றே சாதிக்கிறாள். ஆறாவது வரி துவைக்கும் இடத்திற்கு நேர்கீழே இருக்கிறது.