பர்த்தமான் முதல் ஹவுரா வரை: சானாவின் இருப்புப்பாதை

மேற்கு வங்கத்தின் பர்த்தமான் நகரிலிருந்து பண்டேல் வழியாக ஹவுராவை அடையும், ஏறத்தாழ 107 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை, ‘சானா’ எனப்படும் உப்பிடாத புதுப் பாலாடைக்கட்டியின் ஆக்கத்தையும் விற்பனையையும் ஒரே தடத்தில் காட்டுகிறது. காய்ச்சி இறக்கிய பசும்பாலில், முன்னர் வடித்துப் புளிக்கவிட்ட தெளிநீரை ஊற்றித் திரியச் செய்து, துணியில் கட்டி நீர் வடித்தால் எஞ்சுவதே சானா. பாரம் ஏற்றி இறுக்கப்படும் பனீரைப் போலன்றி இது மென்மையும் ஈரமும் மிகுந்தது. அந்த ஈரத்தாலேயே வெயில் காலத்தில் விரைவில் புளித்துப் போகிறது. கெடுமுன் அதை என்ன செய்வது என்பதற்கு இத்தடத்து ஊர்கள் வெவ்வேறு விடை கண்டுள்ளன.

பர்த்தமானில் சானாவும் அரிசிமாவும் சேர்த்துப் பிசைந்து, சோற்றுப் பருக்கைபோல் தேய்த்து நெய்யில் பொரித்துப் பாகில் இடப்படும் சீதாபோக், 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்துள்ள சக்திகட்டில் சானாவை நீள உருட்டிக் கருஞ்சிவப்பாகப் பொரித்து, லாங்சா என விற்கின்றனர். இவ்விரு ஊர்களும் நெருப்பையும் சர்க்கரையையும் நம்பின.

1599-இல் போர்த்துக்கீசியர் தேவாலயம் நிறுவிய பண்டேலோ உப்பையும் புகையையும் நம்பியது. பால் திரிப்பதில் அவர்களுடைய பழக்கமே சானாவுக்கு வழிவகுத்தது என்பது உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சயாவின் கருத்து, அதை மறுப்போரும் உளர். சிறு வில்லைகளாக வார்த்து உப்பிட்டு, சில வேளை புகையிலும் காட்டப்படும் பண்டேல் பாலாடைக்கட்டியின் உவர்ப்பு தணிய, உண்பதற்குமுன் அதை இரவு முழுதும் நீரில் ஊறவைப்பது வழக்கம். இன்று அது பெரும்பாலும், செவ்ராபுலியில் பிரியும் கிளைப்பாதையிலுள்ள தாரகேசுவரத்திலும், பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரிலும் செய்யப்பட்டு, கொல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் விற்கப்படுகிறது.

இவ்வாறு உருமாறாத சானாவுக்கு வேகமே காப்பு. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையே தொடங்கிய தொடர்வண்டி அவ்வேகத்தைத் தந்தது. ஏறத்தாழ ஆறு லிட்டர் பசும்பால் ஒரு கிலோ சானாவாகச் சுருங்குவதால் சுமையும் குறைகிறது. புறநகர் வண்டிகளில் சிறு வணிகர்க்கென உள்ள பெட்டிகளில், தெளிநீர் சொட்டும் துணிமூட்டைகள் கூடைகளில் பயணிக்கின்றன. எடைக்கு விலை என்பதால் வடியாத நீருக்கும் பணம் தரவேண்டியிருக்கும். எனவே இனிப்புக் கடைக்காரர் ஒரு கிள்ளு சானாவை உள்ளங்கையில் தேய்த்து, ஈரத்தையும் மென்மையையும் சோதித்தபின்பே பேரம் படிகிறது.

1868-இல் நோபின் சந்திர தாஸ் பாக்பஜாரில் ரசகுல்லாவைப் புகழ்பெறச் செய்தபின் கொல்கத்தாவின் தேவை மேலும் பெருகியது. பால் தட்டுப்பாடு நேர்ந்த 1965-இல் மாநில அரசு சானா இனிப்புகளுக்குத் தடை விதித்தபோது, சானாவாகும் பால் குடிக்கும் பாலுக்குப் போட்டியாகக் கருதப்பட்டது. ஆனால் குளிரூட்டும் வசதியற்ற சிற்றூர்ப் பால்காரருக்கு, நகரச் சந்தையை எட்டக்கூடிய பாலின் வடிவமே சானாவாக இருந்தது.